ஒரு குழு இலவசம், இன்னொன்றுக்குச் சந்தா: சிம்பொனி இசை அரங்கைத் தாண்டி வரும் கணக்கு

2025 மார்ச் 8 அன்று லண்டனின் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிய பிறகு, பெரிய வாத்தியக் குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதும் அந்த இசை வடிவத்தைத் தேடிக் கேட்கும் ஆர்வம் தமிழர்களிடம் புதிதாகப் பரவியது. தேடப் போனால் முதலிலேயே ஒரு குழப்பம் எதிரே வந்து நிற்கும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் வானொலி இசைக்குழு, இசையமைப்பாளர் மாலரின் சிம்பொனிகளை முழுசாக யூடியூபில் இலவசமாக வைத்திருக்கிறது. அதே நாட்டின் பெர்லின் ஃபில்ஹார்மோனிக், அதே மாலரைச் சந்தா கட்டியவர்களுக்குத்தான் முழுமையாகக் காட்டும். லண்டனின் கோடை இசை விழாவான 'பிராம்ஸ்' (Proms) கச்சேரிகள் எல்லாமே பிபிசி வானொலியில் நேரடியாக வருகின்றன. சில மாதம் கழித்துத் தேடினால் பெரும்பாலானவை கிடைப்பதில்லை. அமெரிக்கக் குழுக்கள் பலவற்றுக்கு யூடியூபில் சில நிமிடத் துண்டுகள்தான்.

எல்லா இடத்திலும் ஏறக்குறைய நூறு கலைஞர்கள், ஒரே வகை வாத்தியங்கள், பெரும்பாலும் ஒரே இசை. வழிகள் மட்டும் ஏன் இத்தனை வேறு? வில் தந்தியைத் தொடும் முன்பே அந்தக் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று கேட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதி தொழில்நுட்பமும் உரிமைச் சட்டமும்.

முதலில் சில சொற்கள்

1. நேரடி ஒலிபரப்பு: அரங்கில் வாசிக்கும் அதே நேரத்தில் வானொலியிலோ இணையத்திலோ வருவது. தவறு நேர்ந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

2. கச்சேரிப் பதிவு: ரசிகர்கள் முன்னால் வாசித்ததைப் பதிந்து வெளியிடுவது. உறையில் 'நேரடிப் பதிவு' என்று போட்டிருந்தாலும், அது பெரும்பாலும் இரண்டு மூன்று இரவுக் கச்சேரிகளிலிருந்து நல்ல இடங்களை எடுத்து ஒட்டியதாக இருக்கும். இருமல் விழுந்த இடத்தைக் கச்சேரி முடிந்து அரங்கு காலியான பிறகு மறுபடி வாசித்துப் பதிவதும் வழக்கம்.

3. ஸ்டுடியோ பதிவு: ரசிகர்கள் இல்லாமல், பதிவுக்காகவே வாசிப்பது. ஸ்டுடியோ என்று பெயர் இருந்தாலும் இடம் பெரும்பாலும் ஒரு தேவாலயமோ பழைய மண்டபமோதான். இசைக்குழு நடத்துநர் (கண்டக்டர்) கராயன் 1961-62இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிந்த புகழ்பெற்ற பீத்தோவன் தொகுப்பு, பெர்லினின் டாலெம் பகுதியில் உள்ள இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் உருவானது.

4. ஸ்ட்ரீமிங்: இதில் இரண்டு வகை உண்டு. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் பதிவான இசையைத் தருகின்றன. இசைக்குழுக்களின் சொந்தத் தளங்கள் கச்சேரியையே படமாகத் தருகின்றன. இரண்டின் பணக் கணக்கும் முற்றிலும் வேறு.

நூறு சம்பளம், இரண்டாயிரம் இருக்கை

பெர்லின் ஃபில்ஹார்மோனி அரங்கில் சுமார் 2,400 இருக்கைகள். வியன்னாவின் மூசிக்ஃபெராய்ன் பொன் அரங்கில் 2,000-க்கும் குறைவு. அதற்கு மேல் கூட்டம் சேர்க்க முடியாது. ஒலிபெருக்கி வைக்காத இசை என்பதால் அரங்கைப் பெரிதாக்கினால் ஒலி மெலிந்துவிடும். ஆக, டிக்கெட் வருமானத்துக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது.

செலவுக்கு அப்படி வரம்பு கிடையாது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் 1966இல் இதை ஆராய்ந்து விளக்கினார்கள். தொழிற்சாலையில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கும் பொருள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அதனால் சம்பளத்தைக் கூட்ட முடிகிறது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு 1808இல் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. இன்றும் அதே நேரம்தான், ஆட்களையும் குறைக்க வழியில்லை. ஆனால் கலைஞரின் வாடகையும் குழந்தைகளின் படிப்புச் செலவும் ஊரோடு சேர்ந்துதான் ஏறுகின்றன. வரவுக்கும் செலவுக்கும் உள்ள இந்த இடைவெளி தானாக மூடவே மூடாது.

ஒலிபரப்பும் ஒலிப்பதிவும் வந்தபோது இசைக்குழுக்கள் அவற்றை ஆவலோடு பார்த்ததற்கு இதுவே காரணம். ஒரு மாலை உழைப்பு ஒரே வீச்சில் லட்சக்கணக்கான பேரை எட்டும் என்றால் இடைவெளி மூடிவிடாதா? நூறு ஆண்டு அனுபவம் சொல்வது: கேட்பவர்கள் பெருகினார்கள், இடைவெளி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஊதுகுழல் முன் நெருக்கியடித்த குழு

1913 நவம்பரில் நடத்துநர் ஆர்தர் நிகிஷ், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை முழுமையாகப் பதிந்தார். அந்தக் காலத்துப் பதிவில் மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய தகரக் குழல் முன்னால் கலைஞர்கள் நெருக்கமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். குழலுக்குள் போகும் ஒலி அலையின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். நூறு பேரைக் குழல் முன்னால் உட்கார வைக்க முடியாது என்பதால் குழுவைக் குறைத்தார்கள். அடித்தந்தி வாத்தியமான டபுள் பாஸின் ஒலி குழலுக்கு எட்டாது. அதன் இடத்தில் பல பதிவுகளில் டியூபாவை ஊதினார்கள். வயலினில் மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் கொம்பு பொருத்திய 'ஸ்ட்ரோ வயலின்' வந்ததும் இதனால்தான். அன்று தட்டில் கேட்டது சிம்பொனியின் சாயல் என்று சொல்லலாம், அவ்வளவே.

1925இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் பதிவுக்கூடத்துக்குள் வந்தன. அந்த ஆண்டே லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி தலைமையில் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு மின்முறையில் பதிந்தது. ஆனால் தட்டின் நீளம் மாறவில்லை. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடம், அதற்கு மேல் கொஞ்சம். ஒரு சிம்பொனிக்கு நான்கைந்து தட்டுகள். மெதுவாக விரியும் இரண்டாம் பகுதியின் நடுவில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். 1948இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட எல்பி தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கொடுத்தது. திரைப்பாட்டுக்கு எல்பி ஒரு வசதி. சிம்பொனிக்கு அது உயிர்நாடி. முதன்முறையாக வீட்டிலிருந்தவர் ஒரு முழுப் பகுதியைத் தடையில்லாமல் கேட்டார். 1958இல் ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது, 1982இல் சிடி வந்தது. 74 நிமிடம் ஓடும் சிடியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒரே தட்டில் அடங்கியது.

ஒலிவாங்கிக்குக் கேட்பது வேறு

வானொலியில் கேட்பது அரங்கில் கேட்டதன் நேர்ப்பிரதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. நம் மூளை பார்வையின் துணையோடு வேண்டியதைப் பிரித்துக் கேட்கிறது. தனி ஓபோ வாசிப்பவரைக் கண் பிடித்தால் காதும் அவரைப் பிடித்துக்கொள்ளும். ஒலிவாங்கிக்கு அந்தத் திறமை இல்லை. வந்து விழுவதையெல்லாம் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும். அதனால் அரங்கில் நாம் உணர்ந்ததை வீட்டில் உணரவைக்க, ஒலியைப் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும்.

1950களில் லண்டனின் டெக்கா நிறுவனப் பொறியாளர்கள் ஒரு முறையைக் கண்டார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை ஏற்கும் மூன்று ஒலிவாங்கிகளை ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் ஒரு சட்டத்தில் பொருத்தி, நடத்துநரின் தலைக்கு மேலே உயரத்தில் நிறுத்துவது. அதற்கு டெக்கா மரம் என்று பெயர். இடமும் வலமும் இருப்பவை அகலத்தைத் தரும். நடுவில் முன்னே நீட்டிக்கொண்டிருப்பது மையத்தை உறுதியாக்கும். இன்றைய திரைப்படப் பின்னணி இசைப் பதிவுகளிலும் இந்த மரம் நிற்கிறது.

முதன்மை ஒலிவாங்கிகளோடு, மரக்குழல் வாத்தியங்கள், ஹார்ப், டபுள் பாஸ் அருகே துணை ஒலிவாங்கிகளும் வைப்பார்கள். இங்கே ஒரு நுட்பச் சிக்கல் எழுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். முதன்மை ஒலிவாங்கிக்குப் பத்து மீட்டர் பின்னால் கிளாரினெட் இருந்தால், அதன் பக்கத்தில் இருக்கும் துணை ஒலிவாங்கி அந்த ஒலியைச் சுமார் 29 மில்லிநொடி முன்னதாகவே பிடித்துவிடும். இரண்டையும் அப்படியே கலந்தால் கிளாரினெட் மேடையின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்ததுபோல் ஒலிக்கும். ஆகவே துணை ஒலிவாங்கியின் ஒலியை அந்த அளவுக்குத் தாமதப்படுத்திக் கலக்கிறார்கள். சிம்பொனியின் இசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வரியில் யார் நுழைவார் என்று பார்த்துக்கொண்டே இதைச் செய்யும் பொறியாளருக்கு இசைக்கல்வியும் வேண்டும். ஜெர்மனியில் இதற்கென்றே 'டோன்மைஸ்டர்' என்ற படிப்பு இருக்கிறது. டெட்மோல்ட் நகரில் 1949இல் தொடங்கியது. தட்டின் உறையில் நடத்துநரின் பெயர் பெரிதாகவும் இவர்களின் பெயர் பொடி எழுத்திலும் இருப்பது எனக்கு எப்போதும் அநியாயமாகவே படுகிறது.

அடுத்தது ஒலியின் ஏற்ற இறக்கம். நல்ல அரங்கில் வயலின்களின் மெல்லிய நடுக்கத்துக்கும் முழுக்குழுவின் முழக்கத்துக்கும் இடையில் மிகப் பெரிய இடைவெளி உண்டு. 78 சுற்றுத் தட்டின் இரைச்சலில் மெல்லியவை மூழ்கிப்போகும். சிடியின் 16 பிட் முறை கோட்பாட்டளவில் சுமார் 96 டெசிபெல் இடைவெளியைத் தாங்கும். ஆனால் அதைக் காரில் கேட்டால் எஞ்சின் சத்தத்தில் மெல்லிய இடங்கள் காணாமல் போகும். ஒலியைக் கூட்டினால் அடுத்த முழக்கம் காதைக் கிழிக்கும். அதனால் பல வானொலி நிலையங்கள் மெல்லியதை உயர்த்தி, உரத்ததைத் தாழ்த்தி அனுப்புகின்றன. இதற்கு ஒலிச் சுருக்கம் என்று பெயர். வானொலியில் சிம்பொனி 'ஒரே மட்டமாக' இருக்கிறது என்று சொல்பவர்கள் இசையைக் குறை சொல்ல வேண்டாம். அந்தச் சுருக்கத்தைத்தான் அவர்கள் கேட்டிருக்கக்கூடும்.

அரங்கும் ஒரு வாத்தியமே. நடத்துநர் டோஸ்கானினியின் புகழ்பெற்ற வானொலிக் கச்சேரிகள் நியூயார்க்கில் என்பிசி வானொலி நிறுவனத்தின் 8-எச் ஸ்டுடியோவில் நடந்தன. எதிரொலி வறண்ட கூடம் அது. அந்தப் பதிவுகளில் இசை வெட்டியெடுத்ததுபோல் ஒலிப்பதற்கு அதுவும் காரணம். மாறாக லண்டன் கிங்ஸ்வே ஹால் மிகச் செழிப்பான ஒலி தரும் மெதடிஸ்ட் மண்டபம். அடியில் ஓடிய சுரங்க ரயிலின் உறுமல் பல பதிவுகளில் மெலிதாகக் கேட்கும். இருந்தும் பல பதிவு நிறுவனங்கள் அதையே விரும்பின.

வானொலியே இசைக்குழு வைத்திருந்த காலம்

1920களில் பேசும் வானொலிக்கு நாள் முழுக்க ஒலிபரப்ப இசை வேண்டும். தட்டுகளின் தரம் போதாது. ஆகவே நிலையங்களே இசைக்குழுக்களை வேலைக்கு வைத்தன. லைப்சிக் நகரில் 1924இலேயே வானொலிக் குழு இருந்தது. பிபிசி 1927இல் பிராம்ஸ் விழாவை ஏற்றுக்கொண்டது. 1930இல் ஏட்ரியன் போல்ட் தலைமையில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியது. டோக்கியோவில் 1926இல் பிறந்த குழு, பின்னர் ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் சிம்பொனி இசைக்குழு ஆனது.

அமெரிக்காவில் 1937இல் என்பிசி, டோஸ்கானினிக்காகவே ஒரு குழுவை உருவாக்கியது. என்பிசியின் தாய் நிறுவனமான ஆர்சிஏ, வானொலிப் பெட்டி விற்றது. விக்டர் இசைத்தட்டு நிறுவனமும் அதனுடையதே. நிலையம், பெட்டி, தட்டு மூன்றும் ஒரே கையில் இருந்ததால் இசைக்குழுவின் செலவு அந்தக் குழுமத்துக்கு விளம்பரமாகவும் பயன்பட்டது. 1954இல் டோஸ்கானினி ஓய்வு பெற்றார். என்பிசி குழுவைக் கைவிட்டது. பிபிசியின் குழு இன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் இசைத் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் அப்போதைய ஆசை இருந்தது, மற்றதற்குப் பின்னால் மக்கள் கட்டும் உரிமக் கட்டணம் இருந்தது.

வானொலி இசைக்குழு எதற்காக இருக்கிறது என்பதைக் காட்ட சோவியத் நகரமான லெனின்கிராடைவிட அழுத்தமான நிகழ்வு கிடையாது. 1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மன் படை நகரைச் சூழ்ந்திருந்தது. முதல் குளிர்காலத்தில் பட்டினியால் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். நகரின் முதன்மை இசைக்குழு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தது; மிஞ்சியது வானொலிக் குழு. அதிலும் பலர் இறந்துவிட்டார்கள், நடக்கத் தெம்பிருந்தவர்கள் மிகச் சிலர். போர்முனையிலிருந்து இராணுவ வாத்தியக்காரர்களை வரவழைத்துக் குழுவை நிரப்பினார் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க். 1942 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை வாசித்தார்கள். வானொலியிலும் தெருவெங்கும் இருந்த ஒலிபெருக்கிகளிலும் அது நகர் முழுக்கக் கேட்டது. எதிரிப் படையின் பக்கமும் ஒலிபெருக்கிகளைத் திருப்பி வைத்தார்கள். அதே சிம்பொனியின் இசைத்தாள் நுண்படச் சுருளாக டெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்காவுக்குப் பறந்தது. 1942 ஜூலை 19 அன்று டோஸ்கானினி நடத்த, என்பிசி அதை நாடு முழுக்க ஒலிபரப்பியது.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் ஒவ்வொரு வட்டார ஒலிபரப்பு நிறுவனமும் ஒரு குழுவை வளர்த்தது. மியூனிக்கில் பவேரிய வானொலிக் குழுவை 1949இல் தொடங்கினார்கள். ஹாம்பர்க், கொலோன், ஸ்டுட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கான பணம் ஒவ்வொரு வீடும் கட்டும் ஒலிபரப்புக் கட்டணத்திலிருந்து வருகிறது. 2021இலிருந்து அது மாதம் 18.36 யூரோ. ஃபிராங்க்ஃபர்ட் குழுவின் முழுக் கச்சேரிகள் யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதன் காரணம் இப்போது புரியும். அவற்றுக்கான விலையை ஜெர்மன் குடும்பங்கள் முன்கூட்டியே கட்டிவிட்டன. மதுரையிலிருந்து கேட்பவர் அவர்கள் தயவில் கேட்கிறார்.

கேமரா வந்த பிறகு

தொலைக்காட்சியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு நடத்திய இளையோர் கச்சேரிகளை சிபிஎஸ் 1958 முதல் 1972 வரை ஒளிபரப்பியது. இசையை விளக்கிக்கொண்டே வாசிக்கும் அந்த முறையைப் பின்னால் வந்த பலர் பின்பற்றினார்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரி 1959இலிருந்து தொலைக்காட்சியில் வருகிறது. இன்று 90-க்கு மேற்பட்ட நாடுகளில் காட்டப்படுகிறது. மும்பையில் பிறந்த சுபின் மேத்தா 1990 தொடங்கி 2015 வரை ஐந்து முறை அதை நடத்தியிருக்கிறார். ஓர் இரண்டரை மணி நேரக் கச்சேரி இசைக்குழுவின் பெயரை இந்த அளவுக்கு உலகம் முழுக்கக் கொண்டுபோனதற்கு வேறு எடுத்துக்காட்டு இல்லை.

உரிமைகள்: ஏன் நினைத்ததை நினைத்தபடி வெளியிட முடியாது

கச்சேரியைப் படமெடுத்துக் கையில் வைத்திருந்தும் ஒரு குழு அதை வெளியிடாமல் இருக்கக் காரணம், அதன்மேல் பலருக்கு உரிமை இருப்பதே.

1. இசையமைப்பாளரின் பதிப்புரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை, இந்தியாவில் 60 ஆண்டுகள் வரை. பீத்தோவனும் மாலரும் எல்லோருக்கும் பொது. ஷோஸ்டகோவிச் 1975இல் இறந்தவர்; அவர் இசைக்கு இன்னும் அனுமதி வேண்டும்.

2. வாசித்தவர்களின் உரிமை. நூறு கலைஞர்கள், நடத்துநர், தனி வாத்தியக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். 1961ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கை இதை உலக அளவில் வரையறுத்தது. தனி வாத்தியக்காரருக்கு வேறொரு இசைத்தட்டு நிறுவனத்தோடு பிரத்யேக ஒப்பந்தம் இருந்தால், குழு சம்மதித்தாலும் வெளியிட முடியாது.

3. பதிவைத் தயாரித்தவரின் உரிமை. இது தட்டு நிறுவனத்துக்கோ வானொலிக்கோ சேரும். ஐரோப்பாவில் 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு.

4. எல்லையும் காலமும். 'இந்த நாட்டில், இத்தனை நாள் மட்டும்' என்றுதான் பல ஒப்பந்தங்கள் இருக்கும். பிராம்ஸ் கச்சேரிகள் இணையத்திலிருந்து மறைந்துபோவது இதனால்தான். அவற்றை யாரும் பூட்டி ஒளித்து வைக்கவில்லை.

அமெரிக்கக் குழுக்களின் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, சங்க உறுப்பினர் எவரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று வேலைநிறுத்தம் அறிவித்தார். தட்டு ஒன்று இருந்தால் வானொலி நிலையம் கலைஞரைக் கூப்பிடாது, அதனால் தட்டு விற்பனையில் ஒரு பங்கு கலைஞர்கள் நலநிதிக்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். விக்டர், கொலம்பியா இரண்டும் 1944 நவம்பரில்தான் இறங்கி வந்தன. பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் தனித்தனிக் கட்டணம் பேசும் பழக்கம் அங்கே உறுதிப்பட்டதற்கு இந்தப் போராட்டம் பெரிய காரணம். கலைஞர்கள் பேராசைக்காரர்கள் என்று இதைப் படிப்பது தவறு. அமெரிக்காவில் இன்றும் ஏஎம், எஃப்எம் வானொலி ஒரு தட்டை ஒலிக்கவிட்டால் இசையை எழுதியவருக்குப் பணம் உண்டு, வாசித்தவருக்கு ஒரு காசு கிடையாது. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

தட்டு நிறுவனங்கள் கைவிட்ட பிறகு

ஒரு காலத்தில் தட்டு விற்பனையே ஒரு குழுவை வாழவைக்கும் அளவுக்கு இருந்தது. லண்டனின் ஃபில்ஹார்மோனியா குழுவை 1945இல் வால்டர் லெக் முதன்மையாகப் பதிவுக்கென்றே உருவாக்கினார். 1980களில் எல்லோரும் எல்பியைத் தூக்கிப்போட்டு அதே இசையைச் சிடியில் வாங்கினார்கள். அது கடைசிப் பெரிய அலை. எல்லோரும் வாங்கி முடித்தபின் இன்னொரு பீத்தோவன் தொகுப்பு யாருக்கு வேண்டும்? 1987இல் ஹாங்காங்கில் தொடங்கிய நக்ஸோஸ், கிழக்கு ஐரோப்பியக் குழுக்களை வைத்து மலிவு விலைத் தட்டுகளை இறக்கியது. 1990களின் இறுதியில் பெரிய நிறுவனங்கள் இசைக்குழு ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டன.

அப்போது லண்டன் சிம்பொனி இசைக்குழு துணிந்து 'எல்எஸ்ஓ லைவ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது; 2000இல் அதன் தட்டுகள் வரத் தொடங்கின. எப்படியும் நடக்கப்போகும் கச்சேரியைப் பதிவது, கலைஞர்கள் முன்பணமாகக் கூலி கேட்காமல் விற்பனையில் பங்கு வாங்கிக்கொள்வது என்பதே திட்டம். சான் ஃபிரான்சிஸ்கோ, ஆம்ஸ்டர்டாம், சிகாகோ குழுக்கள் தொடர்ந்தன. இதனால் பெரிய லாபம் வரவில்லை. ஆனால் எதைப் பதிவது என்று தீர்மானிக்கும் உரிமை கலைஞர்கள் கைக்கு வந்தது. அதுவே பெரிய மாற்றம் என்பேன்.

ஸ்ட்ரீமிங்கில் ஏன் பணம் வரவில்லை

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் 'எத்தனை முறை ஒலித்தது' என்று எண்ணித்தான் பணம் பிரிக்கின்றன. முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை. மூன்று நிமிடத் திரைப்பாட்டும் ஒரு முறை. மாலரின் மூன்றாம் சிம்பொனியில் அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் முதல் பகுதியும் ஒரு முறை. அடுத்த நிறுத்தத்தில் இறங்குபவருக்கும் கடைசி நிறுத்தம் வரை போகிறவருக்கும் ஒரே டிக்கெட் கிழிக்கும் பேருந்துபோல. போதாததற்கு 2024இலிருந்து, ஓராண்டில் ஆயிரம் முறைகூட ஒலிக்காத பதிவுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. அரிதாக வாசிக்கப்படும் ஒரு சிம்பொனியின் மூன்றாம் பகுதி இந்த எண்ணிக்கையைத் தொடுவது சிரமம்.

தேடலும் சிக்கல்தான். திரைப்பாட்டுக்குப் பாடகர், படம், தலைப்பு போதும். சிம்பொனிக்கு இசையமைப்பாளர், படைப்பு எண், எந்தப் பகுதி, எந்தக் குழு, எந்த நடத்துநர், எந்த ஆண்டு என்று எல்லாம் வேண்டும். இதற்காகவே பெர்லினில் 'இடாஜியோ' தோன்றியது. 'பிரைம்ஃபோனிக்' என்ற தளத்தை ஆப்பிள் 2021இல் வாங்கி, 2023 மார்ச்சில் செவ்வியல் இசைக்கெனத் தனிச் செயலியை வெளியிட்டது. தேடுவது எளிதாகிவிட்டது, பணம் பிரிப்பதில் அடிப்படைச் சிக்கல் தொடர்கிறது.

சொந்த அரங்கை இணையத்தில் கட்டியவர்கள்

பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வேறு வழி பிடித்தது. 2008 இறுதியில் தொடங்கிய அதன் 'டிஜிட்டல் கான்செர்ட் ஹால்', ஆண்டுக்குச் சுமார் 40 கச்சேரிகளை நேரடியாகக் காட்டுகிறது. பழையவை முழுக்கச் சேமிப்பில் இருக்கின்றன. அரங்கில் ரசிகர்களைத் தொந்தரவு செய்யாதபடி கேமராக்களைத் தொலைவிலிருந்தே இயக்குகிறார்கள். தொடக்கத்தில் டாய்ச்செ வங்கி பணம் கொடுத்து உதவியது. சந்தாவும் ஆதரவாளர் பணமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வானொலிக்குச் சொந்தமான குழு அல்ல. ஒலிபரப்புக் கட்டணத்தில் அதன் கலைஞர்களுக்குச் சம்பளம் போவதில்லை. அது சந்தா கேட்பதும் ஃபிராங்க்ஃபர்ட் கேட்காததும் இதனால்தான்.

டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவின் வழி இன்னொன்று. ஆறு மாத வேலைநிறுத்தம் 2011இல் முடிந்ததும், அது தன் கச்சேரிகளை இணையத்தில் இலவசமாக நேரலையாகக் காட்டத் தொடங்கியது. நகரமே கடனில் தத்தளித்த காலம். உலகம் பார்க்கும் குழு என்ற பெயர் கிடைத்தால் உள்ளூர் நன்கொடையாளர்கள் கைவிடமாட்டார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. இங்கே இணையம் வருமான வழி அல்ல, ஆதரவைச் சேர்க்கும் வழி.

2020 மார்ச் 12 அன்று பெர்லின் குழு சைமன் ராட்டில் நடத்த, ஒருவர்கூட இல்லாத அரங்கில் வாசித்தது. பெருந்தொற்றால் அரங்குகள் மூடிய நாட்களில் தன் தளத்தைச் சிறிது காலம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கேமராவும் ஒப்பந்தமும் பழகிய பணியாளரும் முன்பே இருந்ததால் மறுநாளே செயல்பட முடிந்தது. அவை இல்லாத குழுக்கள் வீட்டிலிருந்து கைப்பேசியில் பதிந்து ஒட்டிய காணொளிகளோடு நின்றுபோயின.

தமிழ்த் திரையிசையும் இந்தக் கணக்கும்

தமிழ்ப் படங்களின் பின்னணி இசையை புடாபெஸ்ட் போன்ற கிழக்கு ஐரோப்பிய நகரங்களில் பதிவது இன்று சாதாரணம். நல்ல கலைஞர்கள், குறைந்த கூலி என்பது தெரிந்த காரணம். இன்னொன்று உரிமை: அங்கே ஒரு பதிவு அமர்வுக்கு ஒருமுறை பணம் கொடுத்துவிட்டால் பொதுவாகப் பிற்காலப் பங்கு எதுவும் தர வேண்டியதில்லை. அமெரிக்கச் சங்க ஒப்பந்தப்படி பதிந்தால் படம் பிற தளங்களுக்குப் போகும்போது கலைஞருக்குத் தொடர்ந்து பங்கு சேரும். கூலிக்கு அமர்த்திய குழுவைக் கொண்டு ஓர் இசையமைப்பாளர் சிம்பொனி பதிந்தாலும் இதே கேள்விகள்தான் எழும்: பதிவு யாருடையது, எந்த நாட்டில், எந்த வடிவில், எப்போது வெளியிடலாம்? அரங்கேறிய மறுநாளே முழுப் பதிவும் இணையத்தில் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து என்ன

இலவசமாகக் கேட்கும் நமக்கு முக்கியமான செய்திகள் லண்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகின்றன. 2016இல் ஜெர்மனியின் வட்டார ஒலிபரப்பு நிறுவனமான எஸ்டபிள்யூஆர், செலவைக் குறைக்கத் தன் இரண்டு இசைக்குழுக்களையும் ஒன்றாக இணைத்தது. 2023 மார்ச்சில் பிபிசி தன் பாடகர் குழுவை மூடுவதாகவும், இங்கிலாந்தில் உள்ள தன் இசைக்குழுக்களில் நிரந்தர இடங்களை 20 விழுக்காடு குறைப்பதாகவும் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும் பாடகர் குழுவை மூடும் முடிவை நிறுத்தி வைத்தது. பிபிசி இயங்க அடிப்படையான இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31இல் முடிகிறது. 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்த உரிமக் கட்டணம், சாசனம் முடிந்த பிறகும் இதே வடிவில் தொடருமா என்ற பேச்சு பிரிட்டனில் நடக்கிறது. கட்டணம் சந்தாவாகவோ விளம்பரமாகவோ மாறினால், லண்டன், சால்ஃபோர்ட், கிளாஸ்கோ, கார்டிஃப் நகரங்களில் இயங்கும் பிபிசி இசைக்குழுக்களின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். பிராம்ஸ் கச்சேரி ஒவ்வொன்றும் வானொலியில் நேரடியாக வருவது தொடருமா என்பதும் அந்த முடிவைப் பொறுத்தது.